பாட்டுக்கு உறுதி உண்டா?



சென்ற பாடசாலை விடுமுறையின்போது ஒருநாள் மாலை, என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். மாத்தளை மாவட்டத்தில், இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவர். உயர்தரம் வரை எங்களிடம் படித்தவர். இப்பொழுது மாத்தளை நகரில் ஒரு கடையிற் கணக்கெழுதுகிறார். பகலெல்லாம் கணக்கு, இரவானாற் பாட்டு. சொல்லும் அவருடையது, மெட்டும் அவருடையது. கைத்தொலைபேசியிலேயே பாடிப் பதிவுசெய்து நண்பர்களுக்கு அனுப்பிவைப்பார். ஒரு மாசிமகத் திருவிழாவின்போது முத்துமாரியம்மன் கோயில் வீதியில் யாரோ ஒரு குழுவினர் அவருடைய பாட்டொன்றைப் பாடக்கேட்டு நானே நின்றிருக்கிறேன். எழுதியவர் இன்னார் என்று பாடியவர்கள் சொல்லவில்லை. அவர்களுக்கே அது தெரிந்திருக்காது. அவருக்கு அது மகிழ்ச்சியாகவும் இருந்தது, மனத்தில் ஒரு முள்ளாகவும் இருந்தது.

அன்று அவர் கொண்டுவந்தது பாட்டன்று. கைத்தொலைபேசிக்கு வந்த ஓர் அறிவித்தல். உங்கள் பாடல்களின் பதிப்புரிமையை இணையம் வழியாகப் பதிவுசெய்து தருகிறோம், பாட்டொன்றுக்கு 7,500 ரூபா, பொன்முத்திரை பதித்த சான்றிதழ் வீடு தேடி வரும் என்பது அதன் சாரம். அவரிடம் 38 பாடல்கள் இருந்தன. கணக்கெழுதுபவர் ஆதலின் பெருக்கிப் பார்த்துவிட்டே வந்திருந்தார்: 285,000 ரூபா. கொழுந்து கொய்யும் அவருடைய தாயார் பல மாதம் மலையேறினாலும் ஒருசேரக் கையிற் காணாத தொகை.

“காணிக்கு உறுதி இருப்பதுபோலப் பாட்டுக்கும் ஓர் உறுதி எழுதிவைக்க வேண்டாமா, ஐயா?” என்று கேட்டார். மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்தும் தம் பெயரில் ஒரு பேர்ச் நிலத்துக்கும் உறுதி காணாத குடும்பத்திற் பிறந்தவர் அவர். அவர் வாயில் ‘உறுதி’ என்னும் சொல் எத்துணைப் பாரமாக வந்திருக்கும் என்பதை மலைநாட்டு நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நானும் அன்று சரியான விடை சொல்ல இயலாமல், இரண்டு வாரம் தவணை கேட்டேன். கலைப் பட்டதாரியாகிய எனக்குச் சட்டம் சற்றுத் தூரத்து உறவு. ஆயினும் படித்து அறிந்தவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதற்கண் சொல்லவேண்டியது இது. இலங்கையில் ஒரு பாட்டின் பதிப்புரிமையைப் பதிந்துவைக்கும் அரசாங்கப் பதிவேடு கிடையாது. இணையத்திலும் இல்லை, காகிதத்திலும் இல்லை. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வர்த்தகக் குறிகளைப் பதிகிறது. புத்தாக்கங்களுக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் வழங்குகிறது. கைத்தொழில் வடிவங்களைப் பதிகிறது. பாட்டையும் கவிதையையும் அது பதிவதில்லை. மறதியாலோ அசட்டையாலோ நேர்ந்த குறையன்று இது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வேண்டுமென்றே அவ்வாறு அமைந்துள்ளது. ஓர் ஆக்கம் ஆக்கப்பட்டது என்ற அந்த ஒன்றினாலேயே அதற்குப் பாதுகாப்பு உண்டு என்று அச்சட்டத்தின் 6 ஆம் பிரிவு சொல்லுகிறது. தரம் உயர்ந்ததா தாழ்ந்ததா, பாடியது மேடையிலா மாட்டுப்பட்டியிலா என்றெல்லாம் அது கேட்பதில்லை. குழந்தை பிறந்ததும் மூச்சுவிடுவதுபோல, பாட்டுப் பிறந்ததும் உரிமையும் உடன்பிறந்துவிடுகிறது. பிறப்புச் சான்றிதழ் எடுக்காத குழந்தையும் குழந்தைதானே?

இவ்வாறு உலகெங்கும் ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. 1886 இல் சுவிற்சர்லாந்து நாட்டின் பேர்ண் நகரிற் சில நாடுகள் கூடி, எழுத்தாளரின் உரிமையை ஒருவருக்கொருவர் மதிப்பதென உடன்படிக்கை செய்தன. 1908 இல் பேர்லினில் அது திருத்தப்பட்டபோது, பதிவு, முத்திரை, கட்டணம் முதலிய எச்சடங்கும் இன்றியே உரிமை செல்லும் என்ற விதி சேர்க்கப்பட்டது. எளிய எழுத்தாளன் அயல்நாட்டுக் கந்தோர்களின் வாசலில் நின்று பெற முடியாத ஒன்றை, அவனுக்குப் பிறப்புரிமையாக்கிய விதி அது. இலங்கை 1959 இல் அந்த உடன்படிக்கையிற் சேர்ந்தது. இன்று நூற்றெண்பது நாடுகளுக்கு மேல் அதில் உள்ளன. ஆகவே மாத்தளையில் எழுதிய பாட்டுக்குச் சென்னையிலும் உரிமை உண்டு, கோலாலம்பூரிலும் உண்டு, தொறொன்ரோவிலும் உண்டு. ஒவ்வோரிடத்திலும் தனித்தனியே விண்ணப்பம் போடத் தேவையில்லை.

அப்படியானால் அந்த அறிவித்தல் முழுப் பொய்யா என்று மாணவர் கேட்டார். பதிவு என்ற ஒன்றே உலகில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அயல்நாடாகிய இந்தியாவில் 1957 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்புரிமைப் பதிவேடு ஒன்று புதுடில்லியில் இருக்கிறது. அதற்கு இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தவுடன் ஒரு நாட்குறிப்பு எண் தருவார்கள். எவரேனும் ஆட்சேபிக்கிறாரா என்று 30 நாள் பொறுத்திருப்பார்கள். பின்னரே ஆராய்ந்து பதிவார்கள். 2013 ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓர் இலக்கிய ஆக்கத்துக்கோ இசை ஆக்கத்துக்கோ அரசாங்கக் கட்டணம் 500 இந்திய ரூபா. பாட்டின் சொற்கள் இலக்கிய ஆக்கம், மெட்டு இசை ஆக்கம், பதிவுசெய்த ஒலி மூன்றாவதான வேறோர் ஆக்கம் என்று அங்கே பிரித்துப் பார்ப்பார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஆயினும் அங்கும் பதிவு கட்டாயமன்று. பதிவேட்டில் உள்ள குறிப்பு, வழக்கு வந்தால் முதல்நிலைச் சான்றாகும், அவ்வளவே. அமெரிக்காவிலும் பதிவேடு உண்டு. அந்நாட்டு ஆக்கங்களுக்கு வழக்குத் தொடருமுன் பதிவு முடிந்திருக்கவேண்டும் என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. பிறநாட்டார் ஆக்கங்களுக்கு அந்த நிபந்தனை இல்லை.

ஆகவே இலங்கையர் ஒருவரிடம் ‘உங்கள் நாட்டுச் சட்டப்படி பதிவுசெய்து தருகிறோம்’ என்று பணம் கேட்பவர், இல்லாத சந்தையில் இல்லாத சரக்கை விற்கிறார். பொன்முத்திரை அச்சகத்தில் அடித்ததாயிருக்கலாம். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இதைக் கேட்டதும் மாணவரின் முகம் மலரும் என்று நினைத்தேன். மலரவில்லை. “உரிமை தானாக வருகிறது என்றால், அது என்னுடையதுதான் என்று எப்படிக் காட்டுவேன்?” என்றார். நல்ல கேள்வி. உரிமை வேறு, சான்று வேறு. பதிவேடு இல்லாத நாட்டிற் பாட்டுக்காரர் தமக்குத் தாமே பதிவாளராக இருக்கவேண்டியிருக்கிறது.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் இறுதிப் பாட்டில் தம் பெயரையும் ஊரையும் வைத்துப் பாடினார். அதனைத் திருக்கடைக்காப்பு என்றனர். கீர்த்தனை செய்தோர் இறுதிச் சரணத்தில் முத்திரை வைத்தனர். பெயர் பாட்டுக்குள்ளேயே இருந்தால், பாட்டைத் திருடுகிறவன் பெயரையும் சேர்த்தல்லவா திருடவேண்டும்? அன்றியும், நூல் செய்தவர் அதைச் சபையில் அரங்கேற்றினார். இன்ன நூல், இன்னார் இயற்றியது, இன்ன நாளில் இன்னார் முன்னிலையில் வெளிவந்தது என்பதற்குச் சபையே சாட்சி. இன்றைய சட்டமும் இதையே வேறு சொல்லிற் சொல்கிறது. ஓர் ஆக்கத்தின்மீது வழக்கமான முறையில் எவர் பெயர் ஆக்கியோன் என்று காட்டப்பட்டிருக்கிறதோ அவரே ஆக்கியோன் எனக் கொள்ளப்படுவார். அல்லவென்று மறுப்பவரே நிரூபிக்கவேண்டும்.

எங்கள் நகருக்கு அணித்தாக அலுவிகாரை என்னும் கற்குகை விகாரை இருப்பதை நேயர்களிற் பலர் அறிவீர்கள். கி. மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாக ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகத்தை அங்கேதான் ஏட்டில் எழுதினார்கள் என்பர். போரும் பஞ்சமும் வந்து, ஓதுவோர் அருகி, நினைவை மட்டும் நம்பியிருந்தால் எல்லாம் அழியும் என்ற அச்சமே அதற்குக் காரணம். அந்த ஊர்க்காரராகிய நாம், நாற்பது பாட்டைக் கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருப்பது அழகன்று. அது நீரில் விழுந்தாற் போயிற்று.

மாணவரை நான் செய்யச் சொன்னவை செலவு குறைந்தவை. ஒவ்வொரு பாட்டையும் கொப்பியில் எழுதி, அடியிற் பெயரும் நாளும் இட்டுக் கையொப்பம் வைக்கவேண்டும். திருத்திய படிகளைக் கிழித்தெறியக் கூடாது. அடித்தல் திருத்தல் உள்ள படியே ஆக்கியோனுக்குப் பெருஞ்சான்று; திருடியவனிடம் சுத்தப் பிரதி மட்டுமே இருக்கும். மெட்டைப் பாடிப் பதிந்த ஒலிக்கோப்பைத் தமக்கே ஒரு மின்னஞ்சலாகவும், நம்பிக்கையான ஒருவருக்கு மற்றொன்றாகவும் அனுப்பிவைக்கவேண்டும். அனுப்பிய நாளும் நேரமும் அதில் தாமாகவே பதிந்துவிடும். மின்னணு வடிவிலுள்ள ஆவணங்களுக்குச் சட்ட மதிப்புத் தரும் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் நம் நாட்டில் உள்ளது. இன்னும் உறுதி வேண்டுமாயின், பாடல்களை இணைத்து ஒரு சத்தியக்கடதாசி எழுதிச் சமாதான நீதவான் முன் கையொப்பமிடலாம். பாடல்களைச் சிறு நூலாக அச்சிட்டால் இன்னும் நன்று. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை நூலுக்குச் சர்வதேச நியம எண் வழங்குகிறது. அச்சான நூல் அரங்கேறிய நூல்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் சொல்லவேண்டும். பாட்டை உறையிலிட்டு, தமக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் அதுவே பதிப்புரிமை என்று பலர் நினைக்கிறார்கள். நான் மாணவனாயிருந்த காலத்தில் ஒரு தமிழாசிரியர் அப்படிப் பதினைந்து உறைகளைத் தகரப்பெட்டியில் வைத்திருந்தார். தபால் முத்திரை ஒரு நாளைக் காட்டும். அந்த அளவுக்கு அதற்கு மதிப்புண்டு. ஆனால் திறந்த உறையை அனுப்பிவிட்டுப் பின்னர் உள்ளே எதையும் வைக்கலாம் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு சொல்லில் அதைக் கவிழ்த்துவிடுவார். அந்தப் பதினைந்து உறைகளும் கறையானுக்குப் போயின என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

இனி இணையத்துக்கு வருவோம். பாட்டு இன்று ஊர் சுற்றுவது அங்கேதான். தனியொரு கலைஞர் தம் பாட்டை உலகின் இசைத் தளங்களில் ஏற்ற, விநியோக நிறுவனம் ஒன்றினூடாகப் போவது வழக்கம். அந்நிறுவனம் ஒலிப்பதிவுக்குப் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு குறியீடு தரும்; ஐ. எஸ். ஆர். சி. என்பது அதன் பெயர். அதைப் பலர் பதிப்புரிமைப் பத்திரமாக எண்ணி மகிழ்கிறார்கள். அது அடையாள எண்ணேயன்றி உரிமைப் பத்திரமன்று. பேருந்துக்கு இலக்கத் தகடு போன்றது. தகட்டைக் கொண்டு வண்டியை இனங்காணலாம். தகடு அடித்தவனே உரிமையாளன் ஆகான்.

யூடியூப் போன்ற தளங்களில் ஒரு தானியங்கி ஒப்புநோக்கு முறை இருக்கிறது. உரிமையாளர் தந்த ஒலியையும் பிறர் ஏற்றிய ஒலியையும் அது ஒப்பிட்டு, ஒத்திருந்தால் உரிமைக்கோரிக்கை எழுப்பும். அந்த வாயில் எல்லாருக்கும் திறந்திருப்பதன்று. தனிக்கலைஞர் பெரும்பாலும் விநியோகத்தர் வழியாகவே அதற்குட் புகமுடியும். இதில் விபரீதமும் உண்டு. உங்கள் பாட்டை வேறொருவர் முந்திக்கொண்டு விநியோகத்தரிடம் கொடுத்துவிட்டால், நீங்கள் உங்கள் பாட்டையே ஏற்றும்போது ‘இது பிறருடையது’ என்று இயந்திரம் உங்களைத் தடுக்கும். அப்பொழுது பதற வேண்டியதில்லை. மறுப்புத் தெரிவிக்கும் வழி அங்கேயே உண்டு. கோரியவர் விடையளிக்க 30 நாள் அவகாசம். நாளிட்ட கொப்பியும் மின்னஞ்சலும் உதவுவது அந்த நேரத்தில்தான். மாறாக, உங்கள் பாட்டைப் பிறர் ஏற்றியிருந்தால், அதனை நீக்கக் கோரும் படிவத்தை எந்த உரிமையாளரும் கட்டணமின்றி நிரப்பலாம். எந்த நாட்டுப் பதிவுச் சான்றும் அதற்குக் கட்டாயமன்று.

தெரிந்தே பிறர் ஆக்கத்தை மீறுவது குற்றம் என்றும் நம் சட்டம் சொல்கிறது. முதன்முறைக் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 500,000 ரூபா வரை தண்டமோ, இரண்டுமோ நீதவான் விதிக்கலாம். ஆனால் வழக்காடுவது எல்லார்க்கும் எளிதன்று. எங்கள் புகையிரதப் பாதை மாத்தளையோடு முடிந்துவிடுகிறது; கொழும்பில் வழக்குப் பேசப் போகிறவருக்கு அங்கிருந்துதான் பயணம் தொடங்குகிறது. ஆகையால் வழக்கு வராதபடி முன்னரே எழுதி வைத்துக்கொள்வதை நான் பெரிதும் வற்புறுத்துவேன்.

உண்மையில், திருட்டினால் இழப்பதைவிடப் பாட்டுக்காரர் கையொப்பத்தால் இழப்பதே மிகுதி. ஒருவர் வந்து, பாட்டை இறுவட்டாக வெளியிடுகிறேன் என்று ஐயாயிரம் ரூபாவை நீட்டி, ஒரு தாளிற் கையொப்பம் கேட்பார். தாளில் ‘எல்லா உரிமைகளும், எக்காலத்துக்கும், எந்த ஊடகத்துக்கும்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கையொப்பமிட்டபின் பதிவேடு இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன?

பாட்டின் உரிமை ஒரே பொருளன்று, பல இழைகள் திரித்த கயிறு என்பதை மறக்கக்கூடாது. அச்சிடும் உரிமை, ஒலிப்பதிவு செய்யும் உரிமை, மேடையிற் பாடும் உரிமை, ஒலிபரப்பும் உரிமை, மொழிபெயர்க்கும் உரிமை எல்லாம் தனித்தனி. தமிழ்நாட்டில் மகாகவி பாரதியார் பாடல்களுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். அவர் 1921 இல் மறைந்தார். பின்னாளில் நூலாக அச்சிடும் உரிமை ஒரு வழியிற் சென்றது. இசைத்தட்டுக்கும் ஒலிபரப்புக்கும் உரிய உரிமை பிரிந்து வணிகர் ஒருவர் கைக்குச் சென்றது. அவரிடமிருந்து அதனை வாங்கிய ஏ. வி. மெய்யப்பச் செட்டியார், 1947 இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ திரைப்படத்திற் பாரதி பாடல்களைப் பயன்படுத்தினார். மறு ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்திற் பாரதியின் பாட்டைச் சேர்த்தபோது உரிமைத் தகராறு மூண்டது. நாட்டுக்கே பாடியவரின் பாட்டுக்கு ஒருவர் உரிமை கொண்டாடுவதா என்று எழுத்தாளர்கள் கிளர்ந்தனர். மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். 1949 இல் சென்னை அரசாங்கம் உரிமைகளைப் பெற்றுக்கொண்டது. பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இதைத் தனிநூலாகவே எழுதியிருக்கிறார். வானொலி என்னும் புதுக்கருவி வளர்ந்தபோது ஒலிபரப்பு உரிமை எத்துணைப் பெறுமதி பெறும் என்பதை முதலில் விற்றவர்கள் எங்ஙனம் அறிந்திருப்பர்? இன்று இணைய உரிமையை இனாமாகக் கொடுப்பவர்களும் அவர்கள் நிலையிலேதான் இருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டம் இதற்கு ஓரளவு காவல் செய்திருக்கிறது. உரிமையைக் கைமாற்றுவதாயினும் பயன்படுத்த அனுமதிப்பதாயினும் எழுத்தில் இருக்கவேண்டும். இரு தரத்தாரும் கையொப்பமிடவேண்டும். வாய்ச்சொல் போதாது. ஓர் உரிமையைக் கொடுத்ததனால் மற்றோர் உரிமையையும் கொடுத்ததாகக் கருதக்கூடாது. ஆகையால் தாளில் எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடு, என்ன பங்கு என்பவற்றைத் தனித்தனியே எழுதிக் கேளுங்கள். தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுப்பவரிடம் கையொப்பமிட அவசரம் வேண்டாம். உரிமை ஆக்கியோனின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 70 ஆண்டும் நிலைக்கும். பேரப்பிள்ளை காலத்துக்கும் உரிய ஒன்றை ஒரு மாலைத் தேநீருக்குள் எழுதிக் கொடுக்கலாமா?

விற்றாலும் விற்கமுடியாத ஓர் இழையும் அந்தக் கயிற்றில் உண்டு. அதனைத் தார்மீக உரிமை என்பர். பாட்டோடு தம் பெயர் வரவேண்டும் என்று கேட்பதும், தம் புகழுக்கு ஊறுபடப் பாட்டைச் சிதைப்பதை எதிர்ப்பதும் அவ்வுரிமை. இதன் அருமையை உணர்த்த நம் நாட்டிலேயே துயரமானதோர் உதாரணம் உண்டு. நம் தேசிய கீதத்தை இயற்றிய ஆனந்த சமரக்கோன், 1940 இல் அதை எழுதியபோது காலி மகிந்த கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். 1951 நவம்பரில் அது தேசிய கீதமாக ஏற்கப்பட்டது. பின்னர் முதலடியின் எழுத்துப்பொருத்தம் நாட்டுக்கு ஆகாது என்று சோதிட வாதம் எழுந்து, 1961 இல் அரசாங்கம் முதலடியை மாற்றியது. ஆக்கியவர் கடுமையாக எதிர்த்தார், பயனில்லை. 1962 ஏப்ரிலில், ஐம்பத்தோராவது வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அன்று இங்கு நடைமுறையிலிருந்தது 1911 ஆம் ஆண்டின் ஆங்கிலேயப் பதிப்புரிமைச் சட்டம். அதில் ஆக்கியோனின் தார்மீக உரிமைக்கெனப் பிரிவு இருக்கவில்லை. 1979 ஆம் ஆண்டுச் சட்டக்கோவையே அதை இங்கே கொண்டுவந்தது. ஒரு சொல் மாறினால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் அவர் பெயரைச் சொல்வதுண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு செய்தி. தொழில் கடமையின்பாற்பட்டு எழுதிய ஆக்கத்தின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, வேலை தந்தவரைச் சேரும். பாடசாலைக் கீதம் எழுதிய ஆசிரியர் அதற்கு வேதனம் கேட்க இயலாமற் போகலாம். ஆனால் பெயர் கேட்கலாம். இளம் ஆசிரியனாயிருந்தபோது நான் எழுதிய கீதமொன்று, பிற்காலத்தில் ஒரு பாடசாலையின் மலரில் ‘தொகுப்பு’ என்ற சொல்லோடு வேறொருவர் பெயரில் அச்சாகியிருந்தது. கேட்கவில்லை. இந்தச் சட்டத்தைப் படித்தபின், கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

மாணவர் மறுபடி வந்தபோது 38 பாடல்களையும் புதுக் கொப்பியில் நாளிட்டு எழுதிக் கொண்டுவந்தார். நாங்கள் இருவரும் மேசையில் அமர்ந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். ஒரு பாட்டின் சொற்களை நண்பர் ஒருவரோடு சேர்ந்து எழுதியதாகச் சொன்னார். அதன் அடியில் இருவர் பெயரையும் எழுதினோம். இன்னொன்றின் மெட்டுத் திரைப்படப் பாட்டொன்றின் சாயலாக இருந்தது; அதை அவரே வெட்கத்துடன் ஒதுக்கிவைத்தார். கருத்துக்கும் தாளத்துக்கும் சந்தத்துக்கும் எவரும் உரிமை கொண்டாட முடியாது; பிறர் மெட்டை எடுப்பது அப்படியன்று.

கடைசியில் ஒன்று எஞ்சியது. நண்பர்கள் அதிகம் விரும்பிய பாட்டும் அதுவே. கொழுந்து மலையில் அவருடைய பாட்டி பாடியதை இளமையிற் கேட்டு, இரண்டு அடிகளைத் தாம் சேர்த்ததாகச் சொன்னார். பாட்டியும் தம் தாய் பாடக்கேட்டே பாடினாராம். தப்பின் ஒலியோடும் காமன் கூத்தோடும் கடல்கடந்து வந்த இத்தகைய பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்திராவிட்டால் எத்தனையோ மறைந்திருக்கும். இவற்றுக்குத் தனியொருவர் உரிமையாளர் ஆகமுடியாது. நம் சட்டத்தின் 24 ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளைத் தனியாகவே பேசுகிறது. வணிக நோக்கத்தோடு மரபுச் சூழலுக்கு வெளியே அவற்றைப் பயன்படுத்த உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். வெளியிடும்போது எந்தச் சமூகத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து பெறப்பட்டது என்று குறிப்பிடவேண்டும்.

மாணவர் பேனாவை எடுத்துச் சற்று யோசித்தார். பின்னர், தாம் சேர்த்த இரண்டு அடிகளுக்கு நேரே தம் பெயரை எழுதினார். மற்ற அடிகளுக்கு நேரே, ‘மாத்தளை, இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்ட மக்கள் பாடியது, என் பாட்டி பாடக் கேட்டது’ என்று எழுதி நாளிட்டார்.